முடிஞ்சுதா, தம்பி?

திருவண்ணாமலை தேரடி வீதியை ஒட்டிய சந்தில் இருந்த அந்த ஸ்டூடியோவுக்குள் அவர் வேலைக்குப் போனது 1989-ல். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறிய பையன். காலையில் பெருக்க வேண்டும், படுதாவைத் தூசி தட்டி இறக்க வேண்டும், வந்தவர்களுக்குக் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா எடுத்து நீட்ட வேண்டும். படுதாவில் ஒரு மாடிப்படி, இரண்டு தூண், தூரத்தில் ஓர் ஏரி. சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் அந்த ஏரிக்கரையில் நின்றவர்கள்தான்.

நாற்காலிக்கு இருபுறமும் ஆயிரம் வாட்ஸ் விளக்குகள். போட்டால் அறை அடுப்படி ஆகிவிடும். ஸ்டூடியோ மாஸ்டர், யாஷிகா கேமராவின் மூடியைத் திறந்து, குனிந்து, உள்ளே தெரியும் இடவலம் மாறிய பிம்பத்தைப் பார்த்தபடியே உத்தரவு போடுவார். "தலை கொஞ்சம் மேல. தாடை கீழ. அசையாதீங்க. மூச்சு விடாதீங்க. ரெடி." கிளிக். அடக்கிவைத்த மூச்சை வந்தவர் விடுவார், தோள் இறங்கும், பக்கத்தில் நிற்கும் பையனைப் பார்த்து, "முடிஞ்சுதா, தம்பி?" என்பார்.

அப்படிக் கேட்கும்போது தெரிகிற முகம்தான் அந்த மனிதரின் முகம் என்பதைப் பையன் முதல் வாரத்திலேயே கண்டுகொண்டான். கேமராவுக்குக் காட்டியது வேறு யாரோ. இதை அவன் மாஸ்டரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. 120 ரோலில் 12 படம்தான். ஆளுக்கு ஒன்று, கண் மூடிவிட்டால் இரண்டு. மூன்றாவது எடுத்தால் அது மாஸ்டரின் கைக்காசு.

"அசையாதீங்க" என்பது அதிகாரம் இல்லை, அவசியம். அன்றைய ஃபிலிமுக்கு அந்த விளக்குகளின் வெளிச்சத்தில் முப்பதில் ஒரு விநாடியாவது ஷட்டர் திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் தலை ஆடினால் முகம் கலங்கிவிடும். இராத்திரி நெகட்டிவ் காய்ந்ததும் மாஸ்டர் பூதக்கண்ணாடியை வைத்து முதலில் பார்ப்பது கண்களைத்தான். "ஃபோகஸ் கண்ணுல இருக்கணும்டா. மூக்குல இருந்தா அது போட்டோ இல்ல." அந்த ஸ்டூடியோவில் வேதம் அது.

விறைப்புக்கு இன்னும் பழைய வேர் உண்டு. 1839-ல் பாரிஸில் டாகேரின் புகைப்பட முறை அறிவிக்கப்பட்டபோது ஒரு படத்துக்கு நிமிஷக் கணக்கில் வெளிச்சம் தேவைப்பட்டது. உட்கார்ந்தவரின் பின்தலையை இரும்புக் கவ்வி ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு விநாடிகள் குறைந்தன, கவ்வி போனது, கழுத்து மட்டும் அதே மாதிரி நின்றது. நம் ஊரில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வாழ்நாளில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ எடுக்கும் படம் அது. பிற்பாடு சுவரில் மாட்டி மாலை போடப்போவதும் அதற்குத்தான். அதை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவரிடம் போய்ச் சிரிக்கச் சொல்வது லேசான காரியமா?

டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, 1993-ல், வாக்காளர் எல்லோருக்கும் படம் ஒட்டிய அடையாள அட்டை என்று முடிவானது. அடுத்த சில வருஷங்களுக்கு ஊர் ஊராக ஆள் பிடித்து அனுப்பினார்கள். அவரும் போனார். பள்ளிக்கூடச் சுவர், வெயிலில் நீளும் வரிசை, ஒரு நாளைக்கு முந்நூறு முகம். ஆளுக்குப் பத்து விநாடி. வெயிலிலிருந்து வந்த கண் நிழலுக்குப் பழகுவதற்குள் படம் முடிந்துவிடும். அந்த அட்டைகளில் நாம் எல்லோரும் எப்படி இருந்தோம் என்பது வீட்டுக்கு வீடு தெரியும்.

அப்படி எடுத்த ஒரு கிழவி, மாதங்கள் கழித்து, அட்டையைச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு ஸ்டூடியோவைத் தேடி வந்தார். செங்கம் பக்கத்துக் கிராமம். "இது நான் இல்ல, சாமி. எம்பேரன் பாத்துட்டு அழுவுறான். நல்லதா ஒண்ணு புடிச்சுக் குடு." மாஸ்டர் வெளியூர் போயிருந்தார். மின்சாரமும் இல்லை. இவர்தான் ஸ்டூலை எடுத்துப்போய் வாசல்படிக்கு உள்ளே, தெருவைப் பார்த்த மாதிரி போட்டார். நேர் வெயில் இல்லை, எதிர்ச்சுவரின் வெளுப்பு பட்டுத் திரும்பிய வெளிச்சம் மட்டும். ஆயா உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டார், யாரும் சொல்லாமலே.

என்ன பேசுவதென்று தெரியாமல் அவர் கேட்டார், "ஆயா, ஆடு எத்தினி வச்சிருக்க?"

ஆயா எண்ணிக்கையைச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். மூளி ஒண்ணு. சுட்டியா ஒண்ணு, அது போன வாரம் ரெண்டு குட்டி போட்டுது. கறுப்பி காலு நொண்டுது. எண்ணும்போது கண் வேறெங்கோ போய்த் திரும்பியது. நொண்டியைச் சொல்லும்போது புருவம் சுருங்கியது, குட்டியைச் சொல்லும்போது பொக்கை வாய் தானாகத் திறந்தது. மூன்று படம் எடுத்தார். மூன்றுக்கும் காசு அவர் சம்பளத்தில் கழிந்தது.

அந்தப் பிற்பகலில் தொழிலின் சாவி கிடைத்துவிட்டது என்று அவர் இன்றும் நம்புகிறார். படம் எடுத்துக்கொள்ள வருபவர் உட்கார்ந்தபின் செய்வது ஒன்றே ஒன்று, கிளிக்குக்காகக் காத்திருப்பது. முகத்தை இறுக்குவது அந்தக் காத்திருப்புதான். ஆட்டை எண்ணுகிறவர் எதற்கும் காத்திருக்கவில்லை.

அதன்பின் அவர் யாரையும் சிரிக்கச் சொன்னதில்லை. சிரிக்கச் சொன்னால் வாய் சிரிக்கும், கண் சிரிக்காது. பிரெஞ்சு மருத்துவர் டுஷென் 1862-ல் வெளியிட்ட நூலில் இதைத் தசை தசையாகப் பிரித்துக் காட்டினார். உதட்டோரத்தை இழுக்கும் தசை சொன்னபடி கேட்கும். கண்ணைச் சுற்றிய வளையத் தசை, மனம் மகிழாமல் அவ்வளவு எளிதில் அசையாது. அதனால் அவர் கேள்விகள் கேட்கிறார், அதுவும் ஆமாம் இல்லை என்று முடிந்துவிடாத கேள்விகள். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீங்க? உங்க தெருவுல முதல் டிவி யார் வீட்டுல வந்தது? பொண்ணுக்குப் பேர் வச்சது யாரு? பதில் முக்கியமில்லை. பதிலைத் தேடி மனசு உள்ளே போய்த் திரும்பும் அந்த ஒன்றிரண்டு விநாடி முக்கியம். சொல்லி முடித்து உதடு சேரும் இடத்தில் அழுத்துவார், பேச்சின் நடுவில் அழுத்தினால் வாய் கோணும்.

வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இரு என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. அவர் அதை ஏற்பதில்லை. சிலருக்குப் பேச்சு உபத்திரவம். வாத்தியார்கள், போலீஸ் வேலை பார்த்தவர்கள், சமீபத்தில் யாரையோ பறிகொடுத்தவர்கள். அவர்களிடம் கேள்வி கேட்டால் இன்னும் மூடிக்கொள்வார்கள். அங்கே அவர் செய்வது நேரம் கொடுப்பது மட்டும். கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு, அதன் பக்கத்தில் தானும் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். போட்டுக்கொண்ட முகத்தை மனிதரால் ரொம்ப நேரம் சுமக்க முடியாது. இரண்டு நிமிஷத்தில் தாடை தளரும், மூன்றாவது நிமிஷத்தில் கை தானாக வேறிடம் போகும்.

ஜூலியா மார்கரெட் கேமரனின் படங்களைப் புத்தகத்தில் பார்த்தபோது இதற்குத் துணை கிடைத்த மாதிரி இருந்தது அவருக்கு. கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலேயப் பெண்மணி. நாற்பத்தெட்டு வயதில் முதல் கேமரா. ஈரக் கண்ணாடித் தகட்டில் எடுத்ததால் உட்கார்ந்தவர் நிமிஷக் கணக்கில் அப்படியே இருக்க வேண்டும். அத்தனை நேரத்தில் பாவனை கரைந்து, முகம் தன் இயல்புக்கு இறங்கிவிடுகிறது. சற்றே கலங்கிய படங்கள், ஆனால் உயிர் இருக்கிறது. 1875-ல் அவர் கணவரோடு இலங்கைக்குக் குடியேறி, 1879-ல் அங்கேயே இறந்தார். அங்கே எடுத்தவற்றில் மிஞ்சியவை சிலவே. அவற்றில் உள்ளூர்க்காரர்களும் தோட்டத்தில் வேலை செய்தவர்களும் இருக்கிறார்கள். ஓவியம் வரைய உலகம் சுற்றி வந்த மேரியன் நார்த், 1877-ல் களுத்துறையில் அவர் வீட்டுக்கு வந்தபோது, கேமரன் அவர் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, சால்வை போர்த்திப் படம் எடுத்தார். வந்த விருந்தாளியைக்கூட விடவில்லை.

திருவண்ணாமலையில் வளர்ந்தவருக்கு இயல்பான முகம் என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. டீக்கடை, மளிகைக்கடை, ஆட்டோ கண்ணாடி, எங்கே திரும்பினாலும் ரமணர். நரைத்த தாடியோடு நேராக நம்மைப் பார்க்கும் அந்த மார்பளவுப் படம், பெங்களூரைச் சேர்ந்த ஜி.ஜி. வெல்லிங் 1946-ல் எடுத்தது. எதிரில் கேமரா இருக்கிறது, பார்வை அதை நேராகச் சந்திக்கிறது, ஆனாலும் ஒரு துளி விறைப்பில்லை. இயல்பான படம் என்றால் ஆள் கேமராவைப் பார்க்கக் கூடாது என்று சொல்கிறவர்களிடம் அவர் இந்தப் படத்தைத்தான் காட்டுவார். கேமராவைப் பார்ப்பது பிழை இல்லை, கேமராவுக்குப் பயப்படுவதுதான் பிழை.

ரமணரின் ஆசிரமத்துக்கு 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் வந்தார். ரமணர் மறைவதற்குச் சில நாட்களுக்கு முன் அவரைப் படம் எடுத்தார். கையில் சின்ன லைகா, பளபளப்பு தெரியாமல் கறுப்பு நாடா ஒட்டியது. ஆள் சுதாரிப்பதற்கு முன் எடுத்துவிடுவதில் அவர் சூரர். விஞ்ஞானிகளான ஜோலியோ-க்யூரி தம்பதியின் வீட்டுக்குப் போனபோது, கதவு திறந்ததும் வணக்கம் சொல்லும் முன்பே ஒரு படம் எடுத்துவிட்டார் என்பார்கள். நம் ஸ்டூடியோக்காரர் அந்தப் படத்தை மதிக்கிறார், அந்த வழியில் போகவில்லை. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதன் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் சாதுக்களை நீண்ட லென்ஸ் வைத்துத் தூரத்திலிருந்து சுட்டுவிட்டுப் போகிறவர்களை முப்பது வருஷமாகப் பார்க்கிறார். அந்தச் சாதுக்கள் இப்போது கேமராவைக் கண்டாலே துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறார்கள். இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, டீ வாங்கிக் கொடுத்து, கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். அடுத்த பௌர்ணமிக்குப் பிரதி போட்டுக்கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிடுவார்.

கையைப் பற்றி அவரிடம் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். முகம் சொல்லாததைக் கை சொல்லிவிடும் என்பது அவர் கட்சி. இரண்டு கையும் தொடைமேல், விரல்கள் ஒட்டி, பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவில் உட்காருவது மாதிரி. அந்தக் கைக்கு ஒரு வேலை கொடுத்தால் தோள் இறங்கிவிடும். வீட்டுக்குப் போய் எடுத்தால் பூக்காரம்மாவிடம் நாரும் மல்லிகையும் இருக்கும், தாத்தாவிடம் வெற்றிலைப் பெட்டி இருக்கும், தையல்காரரிடம் டேப் இருக்கும். ஸ்டூடியோவில் இவையெல்லாம் கிடையாது. மூக்குக் கண்ணாடியைத் துடைக்கச் சொல்வார், சட்டைக் கையை மடக்கிவிடச் சொல்வார், குழந்தையை மடியில் கொடுப்பார்.

புகைப்படக்காரர் யூசுஃப் கார்ஷ் செய்தது இதற்கு நேர்மாறு. 1941 டிசம்பர் 30, கனடா நாடாளுமன்றம், ஒட்டாவா. உரை முடித்து வந்த சர்ச்சிலின் வாயில் சுருட்டு. ஒதுக்கி வைக்கச் சொன்னார் கார்ஷ், கேட்கவில்லை. அருகே போய், மன்னிப்புக் கேட்டு, தானே உருவிவிட்டார். திரும்பிவந்து அழுத்தியபோது விழுந்ததுதான் உலகம் அறிந்த அந்த உறுமல் முகம். கொஞ்ச நேரத்தில் சர்ச்சில் சிரித்து, இன்னொன்று எடுத்துக்கொள் என்றார். அந்தச் சிரித்த படமும் இருக்கிறது. தங்கமான படம். அதை யாரும் மாட்டி வைக்கவில்லை.

மற்ற விஷயங்கள் கைப்பழக்கம். முகத்துக்கு ஆறு அடியாவது தள்ளி நிற்க வேண்டும். நெருங்கிப்போனால் மூக்கு பெருத்துக் காது ஒடுங்கும். லென்ஸைக் குறை சொல்வார்கள், காரணம் தூரம்தான். கை நீளத்தில் பிடித்து எடுக்கும் செல்போன் படத்தில் எல்லோரும் ஒரே சாயலில் இருப்பது இதனால்தான். அவர் 85 எம்.எம். லென்ஸ் போட்டு விலகி நிற்பார், பேச்சு காதில் விழும் தூரம்வரை மட்டும். உச்சி வெயில் கண்குழியில் இருட்டை ஊற்றும். திண்ணை, மாட்டுக்கொட்டகை வாசல், கூரைத் தாழ்வாரம் என்று வெயில் முடிந்து நிழல் தொடங்கும் விளிம்பில் ஆளை நிறுத்தினால், கண்மணியில் வெளிச்சம் ஒரு பொட்டு விழும். மறுபக்கம் இருட்டினால் ஒரு தெர்மாகோல் அட்டை போதும். சாமியானா துணிக்கு அடியில் மட்டும் எடுக்காதே என்பார். துணியின் சிவப்பும் மஞ்சளும் முகத்தில் ஏறிவிடும்.

குடும்பப் படத்தில் இருபது பேர் நின்றால் யாராவது ஒருவர் கண் மூடியே இருப்பார். மனிதர் நிமிஷத்துக்குப் பதினைந்து, இருபது தடவை இமைக்கிறார். இமைக்காதே என்றால் கூடுதலாக இமைப்பார். எல்லோரையும் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மூன்று என்றதும் திறக்கச் சொல்வார். திறந்த நொடியில் ஒரு படம். இருபது பேரும் ஒன்றாகக் கண் திறந்ததில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்களே, அப்போது இன்னொன்று.

அவர் தாமதமாகக் கற்றது ஒன்று உண்டு, அது எடுப்பவரைப் பற்றியது. டிஜிட்டல் வந்த புதிதில், ஒவ்வொரு படம் எடுத்ததும் பின்திரையைக் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. வெளிச்சம் சரியில்லை என்பதற்காகப் பிதுக்கிய உதடு அது. எதிரே இருந்த பெண் அதைத் தன் முகத்துக்கான தீர்ப்பாக எடுத்துக்கொண்டாள். நிச்சயதார்த்தத்துக்குப் படம் எடுக்க வந்தவள், நாலாவது படத்தில் கண் கலங்கிவிட்டாள். "நான் நல்லா இல்லைன்னா சொல்லிடுங்க அண்ணா." அன்றிலிருந்து ஆள் உட்காருமுன்பே வேலைக்காரப் பையனை உட்காரவைத்து அளவெல்லாம் சரிபார்த்துவிடுகிறார். ஆள் வந்தபின் திரையைப் பார்ப்பதில்லை.

பத்துப் பதினைந்து வருஷமாகக் கல்யாணங்களில் 'கேண்டிட்' என்று தனியாக ஒரு தொகை பேசுகிறார்கள். மேடையில் ஒருவர் வரிசையாக வருபவர்களை நேராக எடுப்பார், கேண்டிட்காரர் பக்கவாட்டில் சுற்றிவருவார். அதிலும் "மாமா, நீங்க பாட்டுக்குப் பேசிட்டிருக்கிற மாதிரி இருங்க" என்று சொல்லி எடுப்பதைப் பார்த்தால் அவருக்கு மனசு ஆறாது. பாவனையின் பெயரை மாற்றினால் அது இயல்பாகிவிடுமா? அவர் கல்யாணம் ஒத்துக்கொண்டால் இரண்டு நாள் முன்பே பெண் வீட்டுக்குப் போய், பந்தக்கால் நடும்போது கூடமாட நின்று, ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வருவார். கேமரா தோளில் தொங்கும், எடுக்க மாட்டார். கல்யாணத்தன்று அவர் வெளியாள் இல்லை. வரவேற்பில் மூன்று மணி நேரம் பட்டும் நகையுமாக நிற்கும் பெண்ணிடம் இருபதாவது நிமிஷத்துக்குமேல் சிரிப்பு மிஞ்சாது. அவர் கண் அப்போது பந்திக்கூடத்தில் இருக்கும். எந்த இலையில் அப்பளம் விழவில்லை என்று பார்த்தபடி ஓடும் அப்பா, அடுப்பங்கரை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் சாய்ந்து நிற்கும் அம்மா.

2018-ல் மாஸ்டருக்கு எண்பது. சதாபிஷேகத்துக்கு நல்ல படம் ஒன்று வேண்டும் என்று அவர் மகள் அழைத்துவந்தார். பழைய ஸ்டூடியோவை மூடி வருஷங்கள் ஆகியிருந்தன. மாஸ்டர் சீடனின் நாற்காலியில் உட்கார்ந்தார். தலை மேலே, தாடை கீழே, மூச்சை அடக்கியாகிவிட்டது. ஐம்பது வருஷம் மற்றவர்களுக்குப் போட்ட உத்தரவை உடம்பு தனக்கே போட்டுக்கொண்டது. நேர்ப் பார்வையில் நாலு படம் எடுத்தார் சீடர். பிறகு ஊர்ப் பேச்சை எடுத்தார். "எல்லாம் தெரியும்டா. நீ எடு" என்றுவிட்டார் மாஸ்டர்.

அலமாரியைத் திறந்து யாஷிகாவைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார் சீடர். கடையை மூடியபோது மாஸ்டர் கொடுத்தது. கிழவரின் விரல்கள் கேட்காமலே மூடியைத் திறந்தன. ஊதினார். வேட்டி நுனியால் லென்ஸைத் துடைத்தார். குனிந்து, ஃபோகஸ் குமிழை முன்னும் பின்னும் திருகி, உள்ளே தெரிந்தவனைப் பார்த்து, "தலையைக் கொஞ்சம் தூக்கு. அசையாத" என்றார். உள்ளே ஃபிலிம் இல்லை. சீடர் அசையாமல் நின்றபடியே ஒன்பது படம் எடுத்துவிட்டார்.

பத்திரிகையிலும் ஃப்ளெக்ஸிலும் வந்தது நேராகப் பார்க்கும் படம்தான். குனிந்ததில் முகம் சரியாகத் தெரியவில்லை என்று வீட்டில் சொன்னார்கள். கைச்செலவில் எட்டுக்குப் பத்தில் ஒரு பிரதி போட்டு, மாஸ்டரிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். கிழவர் ஜன்னல் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டுப் பூதக்கண்ணாடியை எடுத்துவரச் சொன்னார்.

"நல்லா வந்திருக்குடா. ஆனா ஃபோகஸ் கண்ணுல இல்ல. புருவத்துல இருக்கு."

அன்றிரவு கடைக்கு வந்து, கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தார். புருவத்தில்தான் இருந்தது.